குளிர்ப் பகுதிகளில் ராசுப்பெரி வளர்ப்பு

ராசுப்பெரி என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்புதர்ச் செடி ஒன்றையும் அதன் உண்ணத்தக்க கனியையும் குறிக்கும் பெயராகும். பரவலாகப் பயிரிடப்படும் சிவப்பு ராசுப்பெரியின் அறிவியற் பெயர் ரூபசு ஐடேயசு என்பதாகும். இது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ந்த காட்டுப் பகுதிகளில் இயற்கையாக வளர்கின்றது. கடுங்குளிர் நீண்டு நிலவும் கனடாவின் புல்வெளி மாகாணங்களான மானிட்டோபா, சசுகாச்சுவான், ஆல்பர்ட்டா ஆகியவற்றில், வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் பழச்செடிகளுள் இது முதன்மையான ஒன்றாகும்.

ராசுப்பெரியின் வேர் பல்லாண்டுகள் வாழ்வது. அதிலிருந்து எழும் தண்டோ இரண்டு ஆண்டுகள் மட்டுமே வாழ்வது. வழமையான இரகங்களில், முதலாண்டில் வளர்ந்த தண்டு குளிர்காலத்தைக் கடந்து உயிருடன் இருந்தால்தான் அடுத்த கோடையில் பழம் கிடைக்கும். எனவே குளிர்ப் பகுதிகளில் இடத் தேர்வு, இரகத் தேர்வு, உரமிடல், கவாத்து முதலிய எல்லாப் பணிகளும் அந்த ஒரு தண்டைக் குளிர்காலத்தில் காப்பாற்றுவதையே நோக்கமாகக் கொண்டுள்ளன.

பெயரும் உறவினங்களும்

இச்செடிக்கு இலின்னேயசு 1753 ஆம் ஆண்டில் அறிவியற் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதியான ஐடேயசு என்பது "ஐடா மலைக்குரியது" எனப் பொருள்படும். வட அமெரிக்காவில் இயற்கையாக வளரும் சிவப்பு ராசுப்பெரியைச் சிலர் இதன் துணையினமாகவும், வேறு சிலர் ரூபசு இசுட்ரிகோசசு என்னும் தனியினமாகவும் கருதுகின்றனர். கறுப்பு ராசுப்பெரி எனப்படும் ரூபசு ஆக்சிடென்டாலிசு கிழக்கு வட அமெரிக்காவுக்கு உரியது. சிவப்பும் கறுப்பும் கலந்து பெறப்பட்ட கலப்பினங்கள் ஊதா ராசுப்பெரி எனப்படுகின்றன. இம்மூன்றனுள் குளிரை மிகவும் தாங்குவது சிவப்பு ராசுப்பெரியே. கறுப்பு ராசுப்பெரியின் தண்டுகள் சிவப்பினத்தினும் மிதமான குளிரிலேயே பாதிப்புறுகின்றன.

இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சில முட்செடிகள் நீலகிரி, பழனி மலைகள், இலங்கையின் மத்திய மலைநாடு ஆகியவற்றிலும் காணப்படுகின்றன. மஞ்சள் நிறக் கனி தரும் ரூபசு எலிப்டிகசு இவற்றுள் ஒன்று.

செடியின் அமைப்பு

ராசுப்பெரிச் செடியின் வேர்களின் பெரும்பகுதி மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, ஏறத்தாழ 50 சென்ரிமீட்டர் ஆழத்துக்குள் பரவுகின்றது. இவ்வேர்களில் உள்ள மொட்டுகளிலிருந்து ஒவ்வோர் இளவேனிலிலும் புதிய தண்டுகள் முளைக்கின்றன. வாழையின் பக்கக் கன்றுகள் தாய் மரத்தை ஒட்டியே எழுவன. ராசுப்பெரியின் வேர்க்கன்றுகளோ தாய்ச்செடியிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பாலும் எழக்கூடும். ஆகவே கவனியாது விடப்பட்ட செடி சில ஆண்டுகளில் அடர்ந்த புதராகிவிடும்.

தண்டின் வாழ்க்கை இரு கட்டங்களாக அமைகின்றது.

முதலாண்டுத் தண்டு: இளவேனிலில் முளைத்து, கோடை முழுதும் இலைகளுடன் உயர்ந்து வளரும். வழமையான இரகங்களில் இது அவ்வாண்டு பூப்பதில்லை. இலையுதிர் காலத்தில் இதன் இலைக்கோணங்களில் அடுத்த ஆண்டுக்குரிய பூமொட்டுகள் உருவாகின்றன.

இரண்டாமாண்டுத் தண்டு: குளிர்காலத்தைக் கடந்த தண்டு பழுப்பு நிறம் பெற்று, பக்கக் கிளைகளை விட்டுப் பூத்துக் காய்க்கும். பழம் ஓய்ந்தபின் அது தானாகவே பட்டுப்போகும்.

இவ்விரு வகைத் தண்டுகளும் கோடையில் ஒரே வரிசையில் கலந்து நிற்கும். இவற்றை வேறுபடுத்தி அறியாமையே புதிதாக வளர்ப்போரின் பொதுவான பிழைக்குக் காரணமாகும். உலர்ந்து பட்டுப்போனவை போலத் தோன்றும் பழுப்புத் தண்டுகளை இளவேனிலில் முற்றாக வெட்டிவிட்டால், அவ்வாண்டின் முழு விளைச்சலும் இழக்கப்படும்.

கனி என்று பொதுவாகக் கூறப்படுவது உண்மையில் ஒரு திரள்கனி ஆகும். ஒரே பூவிலுள்ள பல சூலகங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மணிக்கனியாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பழுத்த கனியைப் பறிக்கும்போது பூத்தளம் செடியிலேயே தங்கிவிடுவதால் ராசுப்பெரி உட்குழிவாக இருக்கும். பிளாக்பெரியில் பூத்தளம் கனியுடன் சேர்ந்தே வரும். இதுவே இவ்விரண்டையும் வேறுபடுத்தும் எளிய அடையாளமாகும்.

குளிரும் ராசுப்பெரியும்

ராசுப்பெரிக்குக் குளிர் இடையூறு மட்டுமன்று, தேவையுமாகும். மொட்டுகள் உறக்கநிலையிலிருந்து சீராக விழிப்பதற்கு, ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையில் பல நூறு மணி நேரம் கழிய வேண்டும். பல இரகங்களுக்கு இது 800 மணி நேரத்துக்கும் மேற்பட்டதாகும். வெப்பமண்டலச் சமவெளிகளில் இச்செடி சரிவரக் காய்க்காமைக்கு இத்தேவை நிறைவேறாமையும் ஒரு காரணமாகும்.

பகற்பொழுது குறைந்து குளிர் மெல்ல மிகும்போது செடி வளர்ச்சியை நிறுத்தி, இலைகளை உதிர்த்து, திசுக்களைக் குளிருக்குப் பதப்படுத்திக் கொள்கின்றது. நன்கு பதப்பட்ட கடுங்குளிர் இரகங்களின் தண்டுகள் −30 பாகை செல்சியசையும் அதற்குக் கீழ்ப்பட்ட குளிரையும் தாங்கக்கூடியவை. ஆயினும் தண்டுகள் பட்டுப்போவதற்கு நடுக்குளிர்காலக் கடுங்குளிர் மட்டுமே காரணமன்று. பெரும்பாலும் பின்வரும் மூன்று சூழ்நிலைகளே இழப்பை ஏற்படுத்துகின்றன.

1. பதப்படுமுன் வரும் குளிர்: தழைச்சத்து மிகுந்தோ, நீர் மிகுந்தோ இலையுதிர் காலத்திலும் தண்டு பசுமையாக வளர்ந்து கொண்டிருந்தால், முதல் கடும் உறைபனியே அதன் நுனியைக் கருக்கிவிடும்.

2. இடைக்கால வெதுவெதுப்பு: குளிர்த்தேவை நிறைவேறியபின் சில நாட்கள் வெப்பமாக இருந்தால் மொட்டுகள் விழிக்கத் தொடங்கித் தாங்கும் திறனை இழக்கின்றன. சனவரியில் −30 பாகையைத் தாங்கிய அதே தண்டு, மார்ச்சு மாதத்தில் அதைவிட மிதமான குளிரில் பட்டுப்போகலாம். மலையைக் கடந்து வீசும் வெதுவெதுப்பான சினூக் காற்று தெற்கு ஆல்பர்ட்டாவில் சில மணி நேரத்தில் வெப்பநிலையைப் பல பாகைகள் உயர்த்துவதால் அங்கு இவ்வகை இழப்பு மிகுதி.

3. உலர்தல்: நிலம் உறைந்திருக்கும்போது வேர் நீரை உறிஞ்ச இயலாது. அவ்வேளையில் வெயிலும் உலர்காற்றும் தண்டின் ஈரத்தைப் பறித்துவிடும்.

பனிப்போர்வை இம்மூன்றனுள் பின்னைய இரண்டையும் தடுக்கின்றது. பனி நல்ல வெப்பக் காப்பீடாக இருப்பதால் அதன் அடியில் உள்ள வெப்பநிலை வெளிக்காற்றினும் உயர்ந்தும் மாறாமலும் இருக்கும். இளவேனிலில் தண்டின் கீழ்ப்பகுதி துளிர்த்தும் நுனிப்பகுதி பட்டும் காணப்படுவது, பனி எந்த உயரம் வரை மூடியிருந்தது என்பதைப் பல வேளைகளில் காட்டும்.

இரகத் தேர்வு

கனடாவில் வணிக நோக்கிலான ராசுப்பெரிப் பயிர் பிரித்தானியக் கொலம்பியாவின் பிரேசர் பள்ளத்தாக்கில் மிகுதியாக உள்ளது. கடற்காற்றால் அங்கு குளிர்காலம் மிதமானது. அப்பகுதியில் பெயர்பெற்ற மீக்கர், துலமீன் முதலிய இரகங்கள் புல்வெளி மாகாணங்களின் குளிரைத் தாங்குவதில்லை. ஆகவே கடையில் கிடைக்கும் கன்று எந்தக் காலநிலைக்கு உரியது என அறிந்து வாங்குதல் இன்றியமையாதது.

கடுங்குளிர்ப் பகுதிகளுக்கு ஏற்ற இரகங்களுள் சில:

பாய்ன்: மானிட்டோபாவின் மோர்டன் ஆய்வு நிலையத்திலிருந்து 1960 இல் வெளியிடப்பட்டது. சீஃப், இந்தியன் சம்மர் ஆகிய இரகங்களின் கலப்பு. கருஞ்சிவப்பான நடுத்தர அளவுக் கனி. உறையவைத்துச் சேமிக்க ஏற்றது. புல்வெளி மாகாணங்களில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் இரகங்களுள் ஒன்று.

கில்லார்னி: அதே நிலையத்திலிருந்து அதே பெற்றோரைக் கொண்டு 1961 இல் வெளியிடப்பட்டது. பாய்னைவிட ஒளிர்வான சிவப்புக் கனி.

லேதம்: ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாவில் 1920 இல் வெளியிடப்பட்ட பழைய இரகம்.

நோவா: நோவா இசுகோசியாவின் கென்ட்வில் நிலையத்தில் உருவாக்கப்பட்டது. பாய்ன் இதன் பெற்றோருள் ஒன்று. முட்கள் மிகக் குறைவு.

இவற்றைத் தவிர, முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே கோடை இறுதியில் காய்க்கும் இரகங்களும் உள்ளன. நியூயார்க்கின் செனீவா நிலையம் 1969 இல் வெளியிட்ட எரிட்டேச், இங்கிலாந்தின் கிழக்கு மால்லிங் நிலையத்தில் உருவான ஆட்டம் பிளிசு ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றில் தண்டைக் குளிர்காலத்தில் காக்க வேண்டிய தேவையே இல்லை. ஆண்டுதோறும் எல்லாத் தண்டுகளையும் நிலமட்டத்தில் வெட்டிவிடலாம். ஆனால் புல்வெளி மாகாணங்களின் பல இடங்களில் உறைபனியற்ற நாட்கள் ஏறத்தாழ 100 முதல் 120 வரை மட்டுமே. எரிட்டேச் போன்ற தாமதமான இரகங்களில் கனி பழுக்குமுன்னரே செப்டம்பர் உறைபனி வந்துவிடும். எனவே அங்கு இவ்வகையில் மிக விரைந்து பழுப்பவையே பயன்தரும்.

இடமும் மண்ணும்

ராசுப்பெரிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில் வேண்டும். ஆயினும் தெற்கு நோக்கிய சுவரை ஒட்டிய இடம் ஏற்றதன்று. குளிர்காலப் பகல் வெயிலில் சுவர் சூடேறி மொட்டுகளை முன்கூட்டியே விழிக்கச் செய்யும். குளிர்காற்று தேங்கும் பள்ளங்களும் தவிர்க்கத்தக்கவை. காற்றைத் தடுக்கும் மரவேலி ஒன்று அருகில் இருத்தல் நன்று. அது உலர்காற்றைத் தணிப்பதோடு, பறக்கும் பனியையும் செடிகளின்மீது படியச் செய்யும். புல்வெளி மாகாணங்களில் கரகானாப் புதர்கள் இதற்காக வரிசையாக நடப்பட்டுள்ளன. வேலியின் வேர்கள் ஈரத்தைப் பகிர்ந்து கொள்ளாதவாறு போதிய இடைவெளி விடுதல் வேண்டும்.

மண் நல்ல வடிகால் உடையதாகவும் மக்கு நிறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணில் வேரழுகல் நோய் செடியைக் கொன்றுவிடும். அத்தகைய நிலத்தில் 20 முதல் 30 சென்ரிமீட்டர் உயர்ந்த மேட்டுப் பாத்தியில் நடலாம். மண்ணின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருத்தல் சிறப்பு. புல்வெளி மாகாணங்களின் மண் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. அங்கு இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறியாகும்.

உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவை அண்மையில் பயிரிடப்பட்ட நிலத்தில் ராசுப்பெரியை நடலாகாது. இவற்றைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் தங்கியிருந்து ராசுப்பெரியையும் தாக்கும். அருகில் காட்டு ராசுப்பெரி இருந்தால் அதனையும் அகற்றுதல் நன்று. அதிலுள்ள தீநுண்மங்களை அசுவினிகள் தோட்டச் செடிக்குக் கொண்டுவரும்.

நடுதல்

குளிர்ப் பகுதிகளில் நடுவதற்கு ஏற்ற காலம் இளவேனிலாகும். நிலம் உருகி வேலை செய்யத்தக்கதானவுடன், பொதுவாக ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை நடப்படுகின்றது. நோயற்ற நாற்றங்கால் கன்றுகளையே வாங்க வேண்டும். அயலவர் தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேர்க்கன்றுகளுடன் தீநுண்மமும் வேரழுகலும் சேர்ந்து வரக்கூடும்.

வரிசையில் கன்றுகளுக்கு இடையே 45 முதல் 60 சென்ரிமீட்டரும், வரிசைகளுக்கு இடையே 2 முதல் 3 மீட்டரும் இடைவெளி விடப்படும். வேர் உலராதவாறு நனைத்து வைத்திருந்து, நாற்றங்காலில் இருந்ததைவிடச் சிறிது ஆழமாக நட்டு, உடனே நீர் ஊற்ற வேண்டும். நட்டபின் பழைய தண்டைச் சுமார் 15 சென்ரிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுவர். இது செடியின் ஆற்றலைப் புதிய தண்டுகளுக்குத் திருப்பும். நட்ட அடுத்த ஆண்டில் சிறிதளவும், மூன்றாம் ஆண்டிலிருந்து நிறைவாகவும் பழம் கிடைக்கும். நன்கு பராமரிக்கப்படும் வரிசை பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்தரும்.

நீர், உரம், மூடாக்கு

வேர்கள் மேலோட்டமானவை என்பதால் செடி வறட்சியை விரைவில் உணரும். வளர்ச்சிக் காலத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீட்டர் நீர் தேவை. காய் பருக்கும் காலத்தில் இத்தேவை மிகும். இலைகளை நனைக்காத சொட்டு நீர்ப்பாசனம் பூசண நோய்களைக் குறைக்கும்.

கூட்டெரு, மக்கிய தொழுவுரம் ஆகியன இளவேனிலில் இடப்படுகின்றன. கோடை நடுப்பகுதிக்குப் பின் தழைச்சத்து உரம் இடலாகாது. ஆகத்து இறுதியிலிருந்து நீரையும் குறைத்தல் வேண்டும். இவை தண்டின் வளர்ச்சி நின்று அது பதப்பட உதவும். இலைகள் உதிர்ந்தபின், நிலம் உறைவதற்குச் சற்று முன், ஒருமுறை ஆழமாக நீர் ஊற்றினால் குளிர்கால உலர்தல் குறையும்.

வைக்கோல், மரச்சீவல் முதலியவற்றால் 7 முதல் 10 சென்ரிமீட்டர் தடிப்பில் மூடாக்கு இடுவதால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். களைக்கொட்டால் ஆழமாகக் கிளறினால் வேர்கள் அறுந்துவிடும்.

கவாத்து

கோடையில் காய்க்கும் இரகங்களில் பழம் ஓய்ந்த தண்டுகள் நிலமட்டத்தில் வெட்டி அகற்றப்படும். பழம் ஓய்ந்தவுடனேயே வெட்டினால் நோய்கள் பரவுவது குறையும். பனி குறைந்த, காற்று மிகுந்த இடங்களில் சிலர் பனியைப் பிடித்து நிறுத்துவதற்காகப் பழைய தண்டுகளை இளவேனில் வரை விட்டுவைப்பர். நோயுற்ற தண்டுகளை அவ்வாறு விடுதல் கூடாது.

புதிய தண்டுகளைக் குறைப்பது இளவேனிலுக்குத் தள்ளிவைக்கப்படும். குளிர்காலம் எவற்றை விட்டுவைக்கும் என்பதை முன்னரே அறிய இயலாது என்பதே இதற்குக் காரணம். மொட்டுகள் பருக்கத் தொடங்கியபின், பட்டுப்போன நுனிகளை உயிருள்ள மொட்டு வரை வெட்டி, மெலிந்தவற்றை நீக்கி, வரிசையின் ஒரு மீட்டர் நீளத்தில் 10 முதல் 15 வரையான தடித்த தண்டுகள் நிறுத்தப்படும். நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்த்தால் உட்புறம் பச்சையாக இருப்பது உயிருள்ள தண்டு. பழுப்பாக இருப்பது பட்டது. நுனியைத் தேவைக்கு மேல் வெட்டினால் பூக்கும் மொட்டுகளும் போய்விடும். வரிசையின் அகலம் 30 முதல் 45 சென்ரிமீட்டருக்குள் இருக்குமாறு வெளியே எழும் வேர்க்கன்றுகள் நீக்கப்பட வேண்டும்.

குளிர்காலக் காப்பு

பனி நம்பத்தக்கதாக இல்லாத இடங்களில் தண்டுகளை வளைத்துப் புதைக்கும் முறை கையாளப்படுகின்றது. அக்டோபரில், நிலம் உறையுமுன், முதலாண்டுத் தண்டுகள் எல்லாம் ஒரே திசையில் மெதுவாக வளைக்கப்பட்டு, நுனிகள் மண்ணால் அழுத்தி வைக்கப்படும். கடுங்குளிர் வந்தபின் தண்டு எளிதில் முறியுமாதலால் இதனைத் தாமதிக்கலாகாது. தாழ்ந்து கிடக்கும் தண்டுகளைச் சிறிதளவு பனியும் முழுமையாக மூடிவிடும். வைக்கோலால் மட்டும் மூடினால் எலிகள் உள்ளே தங்கிப் பட்டையைக் கொறிக்கக்கூடும். இளவேனிலில் மொட்டுகள் விரியுமுன் தண்டுகளை நிமிர்த்திக் கம்பியில் கட்டுவர்.

பூத்தலும் அறுவடையும்

ராசுப்பெரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கவல்லது. ஆகவே ஒரே இரகம் போதும். ஆயினும் பூவிலுள்ள எல்லாச் சூலகங்களும் கருவுறத் தேனீக்களின் வருகை தேவை. கருவுறுதல் குறைந்தால் மணிகள் ஒட்டாது உதிரும் கனிகள் உண்டாகும். புல்வெளி மாகாணங்களில் இது பெரும்பாலும் சூன் மாதத்தில் பூப்பதால், இளவேனில் உறைபனியில் பூக்கள் கருகுவது அரிது.

பூத்த நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களில் கனி பழுக்கும். சூலை நடுப்பகுதி முதல் ஆகத்து வரை, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படும். மெதுவாக இழுத்தவுடன் பூத்தளத்திலிருந்து கழன்று வருவதே பழுத்த கனி. பறித்தபின் அது மேலும் இனிப்படைவதில்லை. காலையில் பனித்துளி உலர்ந்தபின் பறித்து, ஆழமற்ற கலங்களில் இட்டு, உடனே குளிர்விக்க வேண்டும். அவ்வாறு செய்தாலும் சில நாட்களே கெடாதிருக்கும். ஆகவே பெரும்பகுதி உறையவைத்தோ பழப்பாகாக்கியோ சேமிக்கப்படுகின்றது.

நோய்களும் பூச்சிகளும்

தீக்கருகல் நோய்: நுண்ணுயிரியால் உண்டாவது. இளந்தண்டின் நுனி கருகிக் கொக்கிபோல் வளையும். கருகிய பகுதிக்குக் கீழே வெட்டி அகற்ற வேண்டும்.

சாம்பல் பூசணம்: மழைக்காலத்தில் பழத்தின்மீது படரும். தண்டுகளைக் குறைத்துக் காற்றோட்டம் ஏற்படுத்துவதே சிறந்த தடுப்பு.

தண்டுத் துளைப்பான்: வண்டொன்று நுனிக்குக் கீழே இரு வளையங்களாகத் தண்டைக் கடித்து அவற்றிடையே முட்டையிடும், நுனி வாடித் தொங்கும். கீழ் வளையத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிடுவர்.

புள்ளிச்சிறகுப் பழ ஈ: கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த ஈ வட அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் முதலில் 2008 இல் கலிபோர்னியாவிலும், 2009 இல் பிரித்தானியக் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது. அழுகிய பழத்தை நாடும் பிற பழ ஈக்களைப் போலன்றி, இது பழுத்துவரும் நல்ல பழத்தைத் துளைத்து முட்டையிடும். தாமதமாகப் பழுக்கும் இரகங்களே மிகுதியாகப் பாதிப்புறும். பழுத்தவற்றைச் செடியில் விடாது பறித்தலும் உடனே குளிர்வித்தலும் இழப்பைக் குறைக்கும்.

ஆண்டுப் பணிகள்

ஏப்ரல் – மே: புதைத்த தண்டுகளை நிமிர்த்தல், பட்ட நுனிகளை நீக்கல், தண்டுகளைக் குறைத்தல், கூட்டெரு இடல், புதிய கன்றுகளை நடல்.

சூன் – சூலை: நீர் பாய்ச்சல், வரிசைக்கு வெளியே எழும் வேர்க்கன்றுகளை நீக்கல், மூடாக்கிடல், தழைச்சத்து உரத்தை நிறுத்தல்.

சூலை – ஆகத்து: அறுவடை, பழம் ஓய்ந்த தண்டுகளை வெட்டல்.

ஆகத்து இறுதி – செப்டம்பர்: நீரைக் குறைத்தல்.

அக்டோபர்: தண்டுகளை வளைத்துப் புதைத்தல், நிலம் உறையுமுன் ஒருமுறை ஆழமாக நீர் ஊற்றல்.

நவம்பர் – மார்ச்சு: செடி உறக்கநிலையில் இருக்கும். பாதைகளிலிருந்து அள்ளும் உப்புக் கலவாத பனியை வரிசைகளின்மீது இடலாம்.